டிஸ்க் விலகலுக்குக் கைரோபிராக்டிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடுப்பில் கிளம்பி, பிட்டத்தைக் கடந்து, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகப் பாதம்வரை இறங்கும் வலியோடு ஏழு மாதம் இருந்தவள் நான். தும்மல் வருகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். பிடிக்கத் தவறினால் காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு வெட்டும். அந்த மாதங்களில் படித்ததும், மருத்துவர்களிடமும், முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் அசைத்தும் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தப் பக்கம். நான் மருத்துவர் இல்லை. இதே வலியில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

"டிஸ்க் விலகிடுச்சு" என்கிறார்கள். அப்படியானால் அது இடத்தை விட்டு நகர்ந்துவிட்டதா?

இல்லை. எங்கேயும் நகரவில்லை. இந்த "விலகல்" என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

முதுகெலும்பில் இரண்டிரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல டிஸ்க்குகள் இருக்கின்றன, மொத்தம் 23. ஜவ்வு என்று சொல்வதும் இதைத்தான். ஒவ்வொன்றும் மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் இறுக்கமாக ஒட்டியிருக்கும். வெளியே அடுக்கடுக்காக நார்வளையம், உள்ளே நீர்ச்சத்து நிறைந்த கூழ். வயதாக ஆக நீர் வற்றுகிறது, வளையத்தில் கீறல் விழுகிறது. அந்தக் கீறல் வழியாகக் கூழ் பின்பக்கமாகப் பிதுங்குவதைத்தான் நாம் விலகல் என்கிறோம். பிதுக்கம் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

வெளியே வந்த கூழ் இரண்டு வேலை செய்கிறது. பக்கத்தில் போகும் நரம்பு வேரை அழுத்துகிறது. அதோடு, அந்த நரம்பைச் சுற்றி அழற்சியையும் கிளப்புகிறது. சின்னப் பிதுக்கம் உள்ளவர் துடிப்பதற்கும் பெரிய பிதுக்கம் உள்ளவர் சாதாரணமாக நடமாடுவதற்கும் இந்த இரண்டாவது வேலை ஒரு முக்கியக் காரணம்.

இடுப்புப் பகுதியில் வரும் பிதுக்கங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான், அதாவது எல்4–எல்5, எல்5–எஸ்1 என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் இடங்களில்தான் வருகின்றன. காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பின் வேர்கள் அங்கேதான் கிளம்புகின்றன. இடுப்பில் இருக்கும் கோளாறு காலில் தெரிவது அதனால்தான். 1934இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் இந்தத் தொடர்பைத் தெளிவாக எழுதும்வரை, கால்வலிக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று மருத்துவ உலகத்துக்கே சரியாகப் பிடிபடவில்லை.

கைரோபிராக்டர் அதை உள்ளே தள்ளிவிடுவாரா?

மாட்டார். தள்ள முடியாது. "ஒரே அழுத்தில் டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

2006இல் இத்தாலியில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. டிஸ்க் பிதுக்கமும் கால்வலியும் இருந்த 102 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான கையாளல் சிகிச்சை (முதுகெலும்பைக் கையால் தள்ளி அசைப்பது), இன்னொரு குழுவுக்கு அதேபோலத் தோன்றும் பாவனை. உண்மையான சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்குக் கால்வலி முழுதாக நின்றது. மற்றவர்களில் 20 சதவீதத்தினருக்குத்தான் நின்றது. ஆனால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது பிதுக்கத்தின் அளவில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. வலி போனது, படம் அப்படியே இருந்தது.

அப்படியானால் கை என்னதான் செய்கிறது? பிதுக்கத்தைச் சுற்றியுள்ள தசைகள் நரம்பைக் காப்பாற்றுவதற்காகக் கல்லாக இறுகிவிடுகின்றன. அக்கம்பக்கத்து மூட்டுகள் அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. கையாளல் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது, வலிச் செய்தி மூளைக்குப் போகும் விதத்தைக் கொஞ்ச நேரத்துக்கு மாற்றுகிறது. வலி இறங்கினால் நடக்க முடியும், தூங்க முடியும், பயிற்சி செய்ய முடியும். ஆற வேண்டியதை உடம்பே ஆற்றிக்கொள்ள அந்த அவகாசம் கிடைக்கிறது.

பிதுங்கியது தானாகவே சுருங்குமா?

சுருங்கும். என் வலியின் நடுவில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி இதுதான். வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. வெள்ளணுக்கள் வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைக்கின்றன. வியப்பு என்னவென்றால், பெரிதாகப் பிதுங்கியதுதான் அதிகம் கரைகிறது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, தனித் துண்டாகவே பிரிந்துவிட்ட பிதுக்கங்களில் 96 சதவீதம் தானாகச் சுருங்கியிருக்கின்றன. வளையத்தைக் கிழித்து வெளியே நீண்டவற்றில் 70 சதவீதம். லேசான உப்பலில் 13 சதவீதம்தான்.

அதனால் "ரொம்பப் பெருசா இருக்கு" என்று ரிப்போர்ட்டில் படித்தவுடனே இடிந்துபோக வேண்டாம். ஆனால் கரைய வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள் ஆகும். நடுவில் நரம்பு கெடாமல் பார்த்துக்கொள்வதுதான் எல்லாருடைய வேலையும்.

முதலில் எம்ஆர்ஐ எடுத்துவிட்டுப் போகட்டுமா?

பெரும்பாலும் அவசியமில்லை. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 52 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்காவது உப்பியிருந்தது, 27 சதவீதத்தினருக்குப் பிதுக்கமே இருந்தது. அவர்களுக்கு வலி மட்டும் இல்லை. படம் சொல்வதும் கால் சொல்வதும் பொருந்தினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு. இடதுகால் வலிக்கும்போது ரிப்போர்ட் வலப்பக்கப் பிதுக்கத்தைக் காட்டினால், காரணம் அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஆறு வாரம் போயும் வலி குறையவில்லை, காலில் பலம் குறைகிறது, ஊசி அல்லது அறுவை பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது, அடுத்த கேள்வியில் சொல்லும் ஆபத்து அறிகுறிகளில் ஏதாவது இருக்கிறது என்றால் ஸ்கேன் வேண்டும். அப்போது தள்ளிப்போடக் கூடாது.

எந்த நிலையில் யாரையும் முதுகைத் தொட விடக் கூடாது?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால்போலக் கற்றையாகத் தொங்குகின்றன. பெரிய பிதுக்கம் அந்தக் கற்றையை மொத்தமாக நசுக்கினால் சிறுநீர், மலம், பாலுறவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். அதன் அடையாளங்கள் இவை: சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கும், ஆனால் வராது. அல்லது போவதே தெரியாமல் போகும். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் சீட்டு படும் இடமெல்லாம், அதாவது தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றியுள்ள பகுதியும் மரத்திருக்கும். கழுவும்போது கை படுவது தெரியாது. இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ சேர்ந்து வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைரோபிராக்டர் வேண்டாம், காலைவரை காத்திருக்கவும் வேண்டாம். அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இங்கே மணிநேரக் கணக்குதான். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டு நாட்களை இழப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, காலின் பலம் நாளுக்கு நாள் குறைவது. நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தொங்கும், தரையில் உரசும். செருப்பு காலிலிருந்து கழன்று பின்னால் கிடக்கும், நீங்கள் நாலு அடி தள்ளிப் போன பிறகுதான் தெரியும். இதற்கும் முதலில் நரம்பு அல்லது முதுகெலும்பு மருத்துவர்தான்.

காய்ச்சலோடு வரும் முதுகுவலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் புது வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்), பல மாதங்களாக ஸ்டீராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பது: இவை எதற்கும் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வேகமாகத் தள்ளும் சிகிச்சை கூடாது.

முதல் நாள் ஒரு நல்ல கைரோபிராக்டர் என்ன செய்வார்?

பேசுவார், சோதிப்பார். மேசையில் படுக்க வைத்து உடனே சொடுக்குபவர் நல்லவர் அல்ல.

என்னைப் பார்த்தவர் முதலில் நடக்கச் சொன்னார். பிறகு குதிகாலால் நடக்கச் சொன்னார். வலதுகால் நன்றாக நடந்தது, இடதுகாலின் முன்பாதம் மெதுவாகத் தரையைத் தொட்டது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அடுத்து ஒற்றைக்காலில் நின்று நுனிக்காலால் எம்பச் சொன்னார். மல்லாக்கப் படுக்க வைத்து முட்டியை மடக்காமல் காலை மெல்லத் தூக்கினார். பாதி உயரம் வருவதற்குள் கெண்டைக்கால்வரை சுரீர் என்றது. "வலி இடுப்பிலா, காலிலா?" என்று கேட்டார். காலில் என்றால்தான் அது நரம்பு. வலிக்காத காலைத் தூக்கும்போது வலிக்கும் காலில் வலித்தால், பிதுக்கம்தான் என்ற சந்தேகம் இன்னும் உறுதிப்படும்.

பிறகு கால் பெருவிரலைத் தன் விரலால் கீழே அழுத்திக்கொண்டு, "மேலே தூக்குங்கள்" என்றார். இடது பெருவிரல் தோற்றுப்போனது. பெருவிரலைத் தூக்குவது எல்5 நரம்பின் வேலை. நுனிக்காலால் எம்புவதும் குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளுவதும் எஸ்1. முட்டி துள்ளுவது பெரும்பாலும் எல்4. ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் அதே சோதனை, அதே காகிதம். பலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அந்தக் காகிதம்தான் சொல்லும், வலியின் அளவு சொல்லாது.

அன்றைக்கு அவர் என் முதுகில் கையே வைக்கவில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அதனால்தான் அவரை நம்பினேன்.

எந்த மாதிரியான கையாளல் டிஸ்க் பிரச்சினைக்கு ஏற்றது?

ஒரே முறை இல்லை. சட்டென்று தள்ளும் முறை ஒன்று. கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும், பெரும்பாலும் சத்தம் கேட்கும். நரம்பு அழுத்தம் கடுமையாக இருக்கும்போது பலர் இதைத் தவிர்த்துவிட்டு மெதுவான முறைக்குப் போவார்கள். நடுவில் பிரிந்து கீழே இறங்கும் மேசையில் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பை மெல்ல இழுத்து வளைத்து விடுவது அந்த மெதுவான முறை. ஊஞ்சல்போல ஒரே தாளத்தில் போகும், வலிக்கக் கூடாது. எனக்குச் செய்தது இதுதான்.

இயந்திரத்தில் கட்டி இழுத்து "டிஸ்க்கை உள்ளே உறிஞ்ச வைக்கிறோம்" என்று விற்கப்படும் சிகிச்சைக்கு, சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை.

அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமா?

இல்லை. விரலில் நெட்டி முறிக்கும்போது வருமே, அதே சத்தம்தான். மூட்டுத் திரவத்துக்குள் அழுத்தம் திடீரென்று குறைந்து வாயுக் குமிழி உண்டாவதால் வருகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் நெட்டி முறிவதை எம்ஆர்ஐயில் ஓடும்படமாகவே எடுத்தார்கள். சத்தம் வந்தால் பலன், வராவிட்டால் வீண் என்பதெல்லாம் கிடையாது.

இந்தத் துறையை நம்பலாமா? போலி என்கிறார்களே?

டேனியல் டேவிட் பால்மர் என்பவர் 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் தொடங்கியது இது. ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முதுகெலும்பு பிசகியிருப்பதே காரணம் என்று அவர் நினைத்தார். அது தவறு. அந்தக் கொள்கையை இன்றும் பிடித்துக்கொண்டு காது வலி, ஆஸ்துமா, ஒவ்வாமை எல்லாவற்றுக்கும் முதுகைச் சொடுக்குபவர்கள் உண்டு. அவர்களிடம் போகாதீர்கள்.

முதுகுவலிக்கு மட்டும் கதை வேறு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கத் தகுந்தவற்றில் முதுகெலும்புக் கையாளலையும் சேர்த்தது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் சயாட்டிகாவுக்கும், அதாவது சயாட்டிக் நரம்பு வழியே காலுக்கு இறங்கும் வலிக்கும் சேர்த்து அனுமதித்தது, ஒரு நிபந்தனையோடு: உடற்பயிற்சி உள்ள சிகிச்சையின் ஒரு பகுதியாக மட்டுமே, தனியாக அல்ல. அந்த நிபந்தனையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வெறும் கைச் சிகிச்சை மட்டும் கொடுத்து, பயிற்சி எதுவும் சொல்லித் தராமல் அனுப்புபவர் பாதி வேலைதான் செய்கிறார்.

2010இல் கனடாவில் 40 பேரை வைத்து ஒரு சிறு ஆய்வு நடந்தது. மூன்று மாதம் மற்ற சிகிச்சைகள் பலிக்காமல் அறுவைக்கு வந்தவர்கள் இவர்கள். கையாளல் பெற்றவர்களில் 60 சதவீதத்தினர், அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சமமாகத் தேறினார்கள். மீதி 40 சதவீதத்தினர் பிறகு அறுவை செய்துகொண்டு தேறினார்கள். முதலில் கையாளலை முயன்று பார்த்ததால் அவர்களுக்கு அறுவையின் பலன் குறைந்துபோகவில்லை.

எத்தனை முறை போக வேண்டும்?

இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஏதாவது ஒரு மாற்றம் தெரிய வேண்டும். கூடுதலாக ஒரு மணிநேரம் தூங்குவது, உட்காரும் நேரம் நீள்வது, கால் இன்னும் கொஞ்சம் உயரே தூக்க வருவது, இப்படி. தெரியவில்லையா, நிறுத்திவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும்.

நான் முதன்முதலில் போன இடத்தில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 40 முறை வர வேண்டும், பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும் என்றார்கள். வலியில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். நானும் ஆட்டினேன். ஒன்பதாவது முறை கால் இன்னும் மோசமானபோது "உடம்பு பழகுகிறது" என்றார்கள். அதன்பிறகுதான் வெளியே வந்தேன், பணம் திரும்பவில்லை. மொத்தமாக முன்பணம் கேட்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கால்வலி குறைந்து இடுப்புவலி கூடிவிட்டது. மோசமாகிறதா?

பெரும்பாலும் நல்ல செய்தி. பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கு, பிறகு தொடைக்கு, பிறகு இடுப்புக்கு என்று மேலே ஏறினால் நரம்பு விடுபடுகிறது என்று அர்த்தம். இதற்கு எதிராக, இடுப்பில் மட்டும் இருந்த வலி சிகிச்சைக்குப் பிறகு கீழே இறங்கிக் காலுக்கு வந்தால் அந்தச் சிகிச்சையை நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு மறுநாள் தசை வலிப்பதும் அசதியும் பாதிப் பேருக்கு வரும், ஓரிரு நாளில் போய்விடும். மரத்துப்போவது பரவினாலோ பலம் குறைந்தாலோ அது அசதி அல்ல.

கழுத்து டிஸ்க்குக்கும் இதே சிகிச்சையா?

இங்கே நான் பயப்படுகிறேன், மறைக்க மாட்டேன். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. கழுத்தைத் திருகித் தள்ளிய பிறகு அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது. அந்தக் கிழிசல் முன்பே தொடங்கியிருந்து, அதன் வலியால்தான் சிலர் சிகிச்சைக்கே வந்தார்கள் என்ற வாதமும் உண்டு. ஆனாலும் கழுத்தில் தண்டுவடமே இருக்கிறது, இடுப்பைப்போல அல்ல. கையில் பலம் குறைவது, பொத்தான் போடத் தடுமாறுவது, நடை தள்ளாடுவது இருந்தால் கழுத்தில் கை வைக்கவே விடாதீர்கள். அவை இல்லாவிட்டாலும் திருகாத மென்மையான முறையையும் பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள்.

வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்யலாமா? முதுகில் யாரையாவது ஏறி மிதிக்கச் சொல்லலாமா?

கூடாது. இரண்டுமே கூடாது.

அறுவை எப்போது?

ஆபத்து அறிகுறி இருந்தால் உடனே. இல்லாவிட்டால் அவசரமில்லை, நேரம் உங்கள் பக்கம். 2007இல் நெதர்லாந்தில் கடுமையான சயாட்டிகா இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் சீக்கிரமே அறுவை செய்தார்கள், மீதிப் பேரைக் காத்திருக்க வைத்தார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் 95 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் நடுவில் அறுவைக்கு மாறியதும் உண்மை. அவர்கள் தோற்றவர்கள் அல்ல. தாங்க முடியாத வலியில் மாதக்கணக்கில் கிடப்பதைவிட அறுவை மேல் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது முழுக்க நியாயமான முடிவு.

படுத்தே இருக்கட்டுமா?

ஓரிரு நாளுக்கு மேல் வேண்டாம். படுத்திருப்பது டிஸ்க்கை ஆற்றுவதில்லை, தசையைத்தான் கரைக்கிறது. வலி தாங்கும் அளவுக்குச் சமதரையில் நடங்கள். பத்து நிமிடம் நான்கு தடவை நடப்பது ஒரேயடியாக நாற்பது நிமிடம் நடப்பதைவிட எனக்கு ஒத்துவந்தது.

விடிந்ததும் முதல் ஒரு மணிநேரம் குனியாதீர்கள். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பிவிடும். காலையில் நம் உயரமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருப்பது அதனால்தான். அந்த உப்பிய நிலையில் குனிந்தால் வளையத்தின் பின்பக்கம் அதிகமாக இழுபடும். நான் பல் துலக்கும்போது ஒரு கையைத் தொட்டியின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, இடுப்பை மடக்காமல் முட்டியை மட்டும் மடக்குவேன். வாய் கொப்பளிக்க ஒரு கோப்பையை வாய்க்கு அருகில் கொண்டுபோய்த் துப்புவேன். சாக்ஸ் போடுவதைக் காலை உணவுக்குப் பிறகு வைத்துக்கொண்டேன். வலி போய் மூன்று வருடமாகிறது, இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.